காலை ஏழு மணிச் சிறப்பு வகுப்பு: பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறு மணி நேரத் தூக்கம் போதுமா?

நொய்யல் | திங்கள், இரவு 11:42

என் மகள் கோவையில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். காலாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து காலை ஏழு மணிக்குச் சிறப்பு வகுப்பு வைத்திருக்கிறார்கள். பள்ளி வேன் எங்கள் தெருமுனைக்கு 6:10 மணிக்கே வந்துவிடுவதால் ஐந்து மணிக்கு அவளை எழுப்பியாக வேண்டும். மாலை 4:15-க்குப் பள்ளி விட்டபின் 5:30 வரை மறுபடியும் படிப்பு நேரம். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடத்தையும் மறுநாள் தேர்வுக்கான பாடத்தையும் முடித்துப் படுக்கும்போது மணி பதினொன்றைத் தொட்டுவிடுகிறது.

நான் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். எதையும் எழுதிவைத்துக் கூட்டிப் பார்த்தால்தான் எனக்கு மனம் ஒப்பும். ஆகவே இரண்டு வாரங்கள் அவள் கண்ணயர்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். பள்ளி நாள்களில் சராசரி 5 மணி 50 நிமிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் 9 மணி 20 நிமிடம். ஓடியாடிய நேரம் என்றும் ஒரு பத்தி போட்டிருந்தேன். வேனிலிருந்து வகுப்புக்கும் வகுப்பிலிருந்து வேனுக்கும் நடப்பதைத் தவிர அதில் எழுத ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதே நாட்டில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 8,300-க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து மேரிலாந்து பல்கலைக்கழகத்தினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்த வேறுபாடு மறையவில்லை. என் மகளோ சில மாதங்களாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், காரணமில்லாமல் அழுகிறாள். வயதின் இயல்பு என்று உறவினர்கள் சொல்கிறார்கள். காலை வகுப்பை நிறுத்தும்படி பள்ளியில் கேட்கலாம் என்றிருக்கிறேன். இது நியாயமான கோரிக்கைதானா என்று இங்குள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

சாக்பீஸ் | செவ்வாய், காலை 5:18

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆயினும் நியாயமான கோரிக்கை என்று என்னால் சொல்ல முடியவில்லை. விருதுநகர் மாவட்டத்தில் 34 ஆண்டுகள் கணித ஆசிரியராகவும், அவற்றில் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியராகவும் இருந்தவன் நான். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். ஒரே அறை, அதில் ஐந்து பேர், ஒரு தொலைக்காட்சி. அந்த வீட்டில் மாலையில் எந்தப் பிள்ளை இயற்கணிதம் போட முடியும்? ஆறரை மணிக்குப் பள்ளியைத் திறந்துவிட்டோம். அவர்களுக்கு அந்த வகுப்பு ஒரு தண்டனையாக இருக்கவில்லை. ஒரு மேசையும் ஒரு மின்விளக்கும் யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரமும் கிடைக்கும் இடமாக இருந்தது. எங்கள் விடுதியில் எல்லோரும் ஐந்து மணிக்கு எழுந்தார்கள். யாரும் மனச்சோர்வு அடையவில்லை. அவர்களில் மருத்துவர் உண்டு, வட்டாட்சியர் உண்டு.

எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்பதெல்லாம் தனி அறையும் தனிக் கட்டிலும் உள்ள பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டவை. இன்றைய பிள்ளைகளின் தூக்கத்தைத் திருடுவது கைப்பேசிதான்; அதைப் பிடுங்கிவைக்க மனம் வராதவர்கள் பள்ளியின் மீது பழியைப் போடுகிறார்கள். உங்களைக் குறித்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

புள்ளிவிவரன் | செவ்வாய், இரவு 10:05

இருவரும் தங்களுக்குச் சாதகமான எண்ணை மட்டும் எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பதால் இடையில் நுழைகிறேன்.

முதலில் நொய்யல் அவர்களுக்கு. குறைவாகத் தூங்கும் பிள்ளை சோர்ந்திருக்கிறது என்பதிலிருந்து, தூக்கம் குறைந்ததால்தான் சோர்வு வந்தது என்ற முடிவுக்கு நேராகப் போய்விட முடியாது. மனச்சோர்வே தூக்கத்தைக் கெடுக்கும். வீட்டில் வறுமையோ சண்டையோ இருந்தால் அது இரண்டையும் சேர்த்தே கெடுக்கும். நீங்கள் சொன்ன ஆய்வில் குடும்ப வருமானம், வயது, பாலினம் போன்றவற்றில் ஒத்திருக்கும் பிள்ளைகளை இணை சேர்த்துத்தான் ஒப்பிட்டார்கள் என்பது உண்மை; அப்படியும் அளக்காமல் விட்ட காரணி ஒன்று உள்ளே ஒளிந்திருக்கலாம். மேலும், தூக்க நேரத்தைச் சொன்னவர்கள் பெற்றோர்கள். பெற்றோர் சொல்வது படுக்கையில் கிடந்த நேரம். தூங்கிய நேரம் எப்போதும் அதைவிடக் குறைவு.

இனி சாக்பீஸ் ஐயாவுக்கு. கைப்பேசியே எல்லாவற்றுக்கும் காரணம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எமி ஆர்பென், ஆண்ட்ரூ பிஷிபில்ஸ்கி இருவரும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இளம்பருவத்தினரின் தரவுகளை வைத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மின்திரைப் பயன்பாட்டால் விளக்க முடிந்தது அவர்களின் மனநல வேறுபாட்டில் அதிகம் போனால் 0.4 விழுக்காடு. உருளைக்கிழங்கு உண்பதற்கும் ஏறத்தாழ அவ்வளவு தொடர்பு இருந்தது என்று அவர்களே கேலியாகக் காட்டினார்கள். உங்கள் இருவருக்கும் பயன்படக்கூடிய செய்தி ஒன்றும் அதே ஆய்வில் உண்டு: போதிய தூக்கத்துக்கும் தவறாத காலை உணவுக்கும் மனநலத்தோடு இருந்த தொடர்பு, திரையின் தொடர்பைவிடப் பன்மடங்கு பெரியது.

ஆகவே என் நிலைப்பாடு இதுதான்: தூக்கம் முக்கியம் என்பது சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது; காலை வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் பிள்ளையின் மனநிலை மாறும் என்பது அவ்வளவு உறுதியானதன்று.

நொய்யல் | செவ்வாய், இரவு 11:31

புள்ளிவிவரன் அவர்களே, தள்ளிவைத்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தைக் காலை 7:50-லிருந்து 8:45-க்கு மாற்றினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் இரண்டு பள்ளிகளைச் சேர்ந்த மாணவர்களின் மணிக்கட்டில் அசைவைப் பதியும் கருவியைக் கட்டி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். பெற்றோர் சொன்ன கணக்கு அதில் இல்லை. தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. நேரம் கிடைத்தால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள் என்று எல்லோரும் சொல்வார்களே, அது பெரும்பாலும் நடக்கவில்லை. கலிஃபோர்னியாவில் 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

பருவமடையும் வயதில், உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. இதைப் பிரௌன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் என் மகள் படுக்கத்தான் செய்கிறாள். கண்ணை விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடக்கிறாள். இதில் கைப்பேசிக்கு எந்தப் பங்கும் இல்லை, ஐயா. அது இரவு ஒன்பதுக்கே என் கைப்பைக்குள் போய்விடுகிறது.

சாக்பீஸ் | புதன், காலை 5:25

கைப்பேசி குறித்துச் சொன்னதை உங்கள் அளவில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் சியாட்டிலில் மாற்றியது உயர்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றுக்குமான நேரத்தை. நீங்கள் கேட்பதோ ஒரு பள்ளியின் ஒரு வகுப்பை நிறுத்தும்படி. அந்த ஒரு மணி நேரத்தை வசதியுள்ள பிள்ளை வீட்டில் தனிப்பயிற்சி ஆசிரியரிடம் ஈடுசெய்துகொள்ளும். வசதியில்லாத பிள்ளை எங்கே போகும்? நலம், நலம் என்கிறீர்கள். பொதுத்தேர்வில் தவறிவிட்டுத் தீப்பெட்டி ஆலைக்குப் போன பிள்ளையின் நலத்தை எந்தக் கருவியைக் கட்டி அளப்பீர்கள்?

புள்ளிவிவரன் | புதன், இரவு 9:40

ஐயாவின் கேள்வி கனமானது. ஆனால் அதற்கான விடையின் ஒரு துண்டு அந்தச் சியாட்டில் ஆய்விலேயே இருக்கிறது. இரண்டு பள்ளிகளில் ஒன்றில் வசதி குறைந்த குடும்பப் பிள்ளைகள் அதிகம். நேரம் மாறியபின் தாமதமாக வருவதும் வராமலிருப்பதும் குறைந்தது அந்தப் பள்ளியில்தான். வசதியான பள்ளியில் அப்படி எந்த மாற்றமும் இல்லை. இரண்டே பள்ளிகள் என்பதால் இதை நான் பெரிதாகப் பேச மாட்டேன்.

என்னை உண்மையில் யோசிக்கவைத்தது இந்தியத் தரவு. நம் நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம். கிழக்குக் கோடிக்கும் மேற்குக் கோடிக்கும் சூரியன் மறைவதில் ஏறத்தாழ இரண்டு மணி நேர வேறுபாடு. பள்ளி மணியோ எங்கும் ஒரே நேரத்தில் அடிக்கிறது. மேற்கே உள்ள பிள்ளை தாமதமாக இருட்டுவதால் தாமதமாகப் படுக்கிறது. எழுவது மட்டும் அதே நேரம். இதை ஆராய்ந்த பொருளியலாளர் மௌலிக் ஜக்னானி, சூரியன் ஒரு மணி நேரம் பிந்தி மறையும் இடங்களில் பிள்ளைகளின் தூக்கம் அரை மணி நேரம் குறைவதாகவும், அவர்கள் பள்ளியில் படிக்கும் ஆண்டுகளில் சுமார் 0.8 ஆண்டு குறைவதாகவும் கணக்கிட்டார். பாதிப்பு கூடுதலாக இருந்தது ஏழைக் குடும்பங்களில். சூரியன் எப்போது மறைய வேண்டும் என்று எந்தப் பெற்றோரும் தீர்மானிப்பதில்லை. ஆகவே நான் முன்பு சொன்ன ஒளிந்திருக்கும் காரணி என்ற ஆட்சேபம் இங்கே பெருமளவு வலுவிழக்கிறது. (சென்னையைவிடக் கோவை மேற்கே இருப்பதால் தீர்க்கரேகைக் கணக்கில் உங்களுக்கு 13 நிமிடம் பாதகம், நொய்யல் அவர்களே. அதற்கு மனுக் கொடுக்க இடமில்லை.)

இதற்கு நேர்மாறான முடிவையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சென்னையில் குறைந்த வருமானமுள்ள பெரியவர்கள் 452 பேரை வைத்து நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், அவர்கள் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் தூங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம்தான். வெக்கை, இரைச்சல், கொசு. கண்மூடியும் காதடைப்பானும் மின்விசிறியும் அறிவுரையும் கொடுத்து இரவுத் தூக்கத்தை அரை மணி நேர அளவுக்குக் கூட்டினார்கள். வேலைத்திறனிலோ மனநலத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. ஆனால் வேலையிடத்தில் மதியம் அரை மணி நேரம் தூங்க விட்டபோது இரண்டும் மேம்பட்டன. துண்டு துண்டாக உடைந்த தூக்கத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுவதால் பெரிய பயன் இல்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். பெரியவர்களைப் பற்றிய முடிவை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்த முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

விசில் | வியாழன், மதியம் 1:10

உடற்கல்வி ஆசிரியர், ஈரோட்டில் பணி. நான்கு நாள்களாகப் படித்துவருகிறேன். இந்த இழையின் முதல் பதிவில் நொய்யல் அம்மா ஒரு காலிப் பத்தியைப் பற்றி எழுதினார்கள். அதன்பின் அதை யாருமே தொடவில்லை. எங்கள் பாடவேளைக்கும் எல்லாப் பள்ளிகளிலும் இதே கதிதான்: கணித ஆசிரியர் வாசலில் வந்து நின்று, "சார், இன்றைக்கு ஒருநாள் மட்டும்" என்பார். (சாக்பீஸ் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

ஐந்து முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம், மூச்சு வேகமாக வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி உலகில் 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. ஆண்பிள்ளைகளில் 78, பெண்பிள்ளைகளில் 85. ஏழாம் வகுப்பு வரை என் மைதானத்தில் ஓடிய பெண்பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். உடைமாற்ற அறை கிடையாது, துப்பட்டாவோடு ஓட முடியாது, வியர்வையோடு அடுத்த வகுப்பில் உட்காரக் கூச்சம். உடம்பு அசையாத பிள்ளைக்கு இரவில் தூக்கம் எப்படி வரும்? பகல் வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடலின் கடிகாரம் இரவை அடையாளம் காணும். அந்தப் பிள்ளை இருட்டில் வேன் ஏறி, குழல்விளக்கின் கீழ் பகலைக் கழித்து, அந்தியில் வீடு திரும்புகிறாள்.

கனடா நாடு 2016-இல் பிள்ளைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டலில் உடலியக்கம், உட்கார்ந்திருக்கும் நேரம், தூக்கம் மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்காமல் 24 மணி நேரத்துக்கும் சேர்த்தே வரையறுத்தார்கள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். இருக்கிற விளையாட்டையும் வெட்டித் தூக்கத்தோடு சேர்த்தால் கணக்கு நேராகிவிடாது.

சாக்பீஸ் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: ஐந்து மணிக்கு எழுந்த உங்கள் விடுதிப் பிள்ளைகள் இரவு எத்தனை மணிக்குப் படுத்தார்கள்?

சாக்பீஸ் | வெள்ளி, காலை 5:40

ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுவோம். பத்து மணிக்கு மேல் விழித்திருந்தால் காப்பாளரிடம் பேச்சு வாங்க வேண்டும். மாலை நாலரையிலிருந்து இருட்டும்வரை கபடி; ஆட்டம் முடிந்து தொட்டியில் குளித்துச் சாப்பிட்டால் ஒன்பதுக்கே தலை சாயும். ஞாயிறு மதியம் விடுதியே உறங்கும்.

கேட்டபிறகுதான் எண்ணிப் பார்க்கிறேன். ஏழரை மணி நேரம் தூங்கியிருக்கிறார்கள், ஒன்றரை மணி நேரம் ஆடியிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக நான் பெருமையோடு சொல்லிவந்தது ஐந்து மணியை மட்டும்தான். விளக்கணைத்த நேரத்தை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

இதை வைத்துக் காலை வகுப்பே கூடாது என்று நான் சொல்லிவிடுவேன் என எண்ண வேண்டாம். என் பிள்ளைகளுக்கு அது தேவைப்பட்டது, இன்றும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தேவைப்படுகிறது. காலையில் ஒரு வகுப்பு வைக்கும் பள்ளி மாலையிலும் ஒன்று வைப்பதுதான் தவறு. அம்மா, நீங்கள் நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டியது மாலை வகுப்பை. அது போனால் விளையாட்டும் திரும்பும், படுக்கும் நேரமும் முன்னால் வரும்.

முதலாமாண்டு | வெள்ளி, இரவு 12:50

நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு பள்ளியில் படித்து வெளியே வந்தவன். பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரே ஒரு செய்தி. மாலை வகுப்பை எடுத்துவிட்டால் அந்த நேரத்தில் வேறொரு தனிப்பயிற்சி நிலையத்தில் சேர்ப்பார்கள். எங்கள் வகுப்பில் 40 பேரில் விளையாடப் போனவர்கள் இரண்டு பேர். காலை வகுப்பில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பாதிப் பேர் தூங்குவோம். அவருக்கும் அது தெரியும்.

புள்ளிவிவரன் | சனி, காலை 8:15

ஐயா சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. மாலை நேரத்தை மீட்டால் தூக்கம் முன்னால் வரும் என்பது விடுதியில் உண்மை. ஏனென்றால் அங்கே விளக்கை அணைக்க ஒருவர் இருந்தார். மெலட்டோனின் தள்ளிப்போகும் வயதில், வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு எழும் நேரத்தைத் தள்ளிவைப்பதே உறுதியான வழியாகத் தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தில் நொய்யல் அவர்களின் பக்கம் வந்துவிட்டேன். ஞாயிறன்று மூன்றரை மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறாள் என்பதும் தூக்கக் கடன் ஏறியிருப்பதன் அடையாளம்தான். அன்று தாமதமாக எழுவதால் ஞாயிறு இரவும் தூக்கம் பிந்தித் திங்கள் காலை இன்னும் கடினமாகிறது. அவளது எரிச்சல் இதனால்தான் என்று மட்டும் இன்னும் சொல்ல மாட்டேன்.

நொய்யல் | மூன்று வாரங்களுக்குப் பின், ஞாயிறு, இரவு 9:20

பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். காலை, மாலை இரண்டையும் கேட்டேன். நிர்வாகம் இரண்டையும் மறுத்துவிட்டது. காரணம் பாடத்திட்டம் என்று எண்ணியிருந்தேன், வேன் என்றார்கள். ஒரே வேன் இரண்டு நடை அடிக்கிறது. முதல் நடையில் எங்கள் பகுதி, இரண்டாம் நடையில் சிறு வகுப்புகள். முதல் நடையைத் தள்ளினால் இரண்டாம் நடை முதல் மணிக்கு வந்து சேராது. கூட்டத்தில் என்னை ஆதரித்தவர்கள் மூவர், "மதிப்பெண் குறைந்தால் நீங்கள் பொறுப்பேற்பீர்களா?" என்று கேட்டவர்கள் அதைவிட அதிகம்.

ஆகவே இப்போது காலையில் நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன். 5:35-க்கு எழுந்தால் போதும். நோட்டைத் தொடர்ந்து எழுதுகிறேன்: எழும் நேரம் 35 நிமிடம் தள்ளிப்போயிற்று, தூக்கம் கூடியது 20 நிமிடம். மீதிப் பதினைந்து நிமிடத்தைப் படிப்பு எடுத்துக்கொண்டது. சியாட்டிலில் நடக்காதது என் வீட்டில் நடந்துவிட்டது என்று புள்ளிவிவரன் அவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எரிச்சல் குறைந்திருக்கிறதா என்றால், எனக்கு அப்படித் தோன்றுகிறது. ஆனால் எனக்கு அப்படித் தோன்ற வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறதே.

விசில் ஐயாவுக்கு ஒரு செய்தி. அந்தக் காலிப் பத்தியில் நேற்று முதன்முறையாக ஓர் எண் எழுதினேன்: 25 நிமிடம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுடன் மொட்டைமாடியில் இறகுப்பந்து. மட்டையின் நரம்பு அறுந்துபோனதால் பாதியில் நின்றுவிட்டது.